ஈர்ப்பு சக்தி: அரிசியா, எண்ணெயா?

மாம்பழம் கீழே விழுகிறது. ஏன்? பூமி இழுக்கிறது. இது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனால், அந்த ஈர்ப்பு எப்படிப்பட்டது? இதில் விஞ்ஞானிகள் இரண்டு கட்சியாக நிற்கிறார்கள்.

அரிசியை மணி மணியாக எண்ணலாம். எண்ணெயை எண்ண முடியுமா? அது இழையாக ஒழுகும். ஒளியும் பார்வைக்கு எண்ணெய் போலத்தான் இருக்கிறது. உண்மையில் அது மணி மணியாக வருகிறது என்று 1905ல் ஐன்ஸ்டீன் சொன்னார். சோதனைகளும் அதை உறுதி செய்தன. இந்தக் குணத்துக்கு "குவாண்டம்" என்று பெயர்.

ஈர்ப்பும் அப்படித்தானா? "ஆம்" என்பது பெரும்பாலோர் கட்சி. "இல்லாமலும் இருக்கலாம்" என்கிறார், லண்டன் பேராசிரியர் ஜோனாதன் ஓப்பன்ஹைம். தன் கொள்கையை 2023ல் வெளியிட்டார். எதிர்க்கட்சியாரோடு பந்தயமும் கட்டியிருக்கிறார். 5,000க்கு 1!

சோதித்துப் பார்த்துவிட வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். ஈர்ப்பு மிகவும் பலவீனமானது. சின்னஞ்சிறு காந்தம் குண்டூசியைத் தூக்குகிறது. முழுப் பூமியும் கீழே இழுத்தும், காந்தமே ஜெயிக்கிறது!

ஆனாலும், 2017ல் ஒரு வழி பிறந்தது. லண்டனில் பணிபுரியும் சுகதோ போஸ் குழுவினரும், ஆக்ஸ்போர்டு விஞ்ஞானிகளும் தனித்தனியே அதைச் சொன்னார்கள்.

அணு உலகில் ஒரு விந்தை உண்டு. ஒரே பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருப்பதுபோல் நடந்துகொள்ளும். அந்த நிலையில் இரண்டு தூசிகளை அருகருகே விடவேண்டும். ஈர்ப்பு தவிர வேறு தொடர்பு கூடாது. அப்போது இரண்டும் குவாண்டம் முறைப்படி ஒன்றோடு ஒன்று பிணைந்தால், ஈர்ப்பும் குவாண்டம்தான்!

2021ல் வியன்னாவில், 2 மில்லி மீட்டர் அகலமுள்ள இரண்டு தங்க உருண்டைகளின் ஈர்ப்பை அளந்தார்கள். போஸ் சொல்லும் தூசி, அதைவிடப் பல நூறு கோடி மடங்கு லேசானது. வேலை கடினம்தான்.

"இதனால் என்ன பயன்?" என்று கேட்கலாம். ஐன்ஸ்டீன் 1915ல் ஈர்ப்புக்குப் புதுக் கணக்குப் போட்டபோது பயனை யார் கண்டார்? இன்று செல்போன் சரியாக வழிகாட்ட அந்தக் கணக்கு வேண்டும்.

பலர் நம்புவதால் ஒன்று உண்மை ஆகிவிடாது. ஒருவர் மறுப்பதால் பொய்யும் ஆகிவிடாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது சோதனை. எல்லாப் பொருளும் ஒன்றை ஒன்று இழுக்கும் என்று நியூட்டன் 1687ல் எழுதினார். ஈயக் குண்டுகளை வைத்து, அறைக்குள்ளேயே கேவண்டிஷ் அதை அளந்தது 1798ல். இடையே 111 ஆண்டுகள்!

இந்தச் சோதனைக்கும் அரசுகள் தாராளமாகப் பணம் தரட்டும். நாம் பொறுமையைத் தருவோம்.