இரண்டு சுற்றை வென்றவரும் தோற்கலாம்

"மூணு ரவுண்டுல ரெண்டு ஜெயிச்சவங்க எப்படிங்க தோற்பாங்க?"

2021 ஜூலை 29 அன்று டோக்கியோ ஒலிம்பிக்ஸ் குத்துச்சண்டையில் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் 3-2 எனத் தோற்ற சில நிமிடங்களில் கிளம்பிய கேள்வி இது. இன்றும் அந்தப் போட்டியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வந்து விழுவது இதுதான். கேட்பவர்கள் விளையாட்டு தெரியாதவர்கள் அல்ல. மூன்று வாரம் முன்புவரை விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த கிரண் ரிஜிஜுவே, நம் எல்லோர் கண்ணுக்கும் மேரிதான் வென்றார் என்ற பொருளில் எழுதினார். மேரியும் முதல் இரண்டு சுற்றுகள் தன்னுடையவை என்றுதான் நம்பினார். பயிற்சியாளர் எடுத்துச் சொல்லும்வரை தோற்றதே அவருக்கு உறைக்கவில்லை. திரும்பத் திரும்பச் சொல்லி, "மேரியின் வெற்றியைப் பறித்துவிட்டார்கள்" என்பது நம் நாட்டில் ஏறக்குறைய வரலாறாகவே ஆகிவிட்டது.

இதை நான் ஏற்கவில்லை. ஆறு முறை உலக சாம்பியன், லண்டனில் வெண்கலம், 38 வயதில் மீண்டும் ஒலிம்பிக் ரிங்குக்குள் இறங்கிய துணிவு: மேரியை மதிக்காமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் அவர் மேல் உள்ள மதிப்பு வேறு, அன்றைய புள்ளிக் கணக்கு வேறு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். முதல் சுற்றில் ஐந்து நடுவர்களில் நான்கு பேர் வலென்சியாவுக்கும் ஒருவர் மேரிக்கும் கொடுத்தார்கள். இரண்டாம் சுற்றில் மூன்று பேர் மேரி பக்கம், இரண்டு பேர் வலென்சியா பக்கம். மூன்றாம் சுற்றிலும் அப்படியே. இதைப் பார்த்ததும் "மேரி இரண்டு, வலென்சியா ஒன்று" என்று எண்ணிவிடுகிறோம். டென்னிஸில் செட்டை எண்ணுவதுபோல.

குத்துச்சண்டையில் சுற்றை அப்படி யாரும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு நடுவருக்கும் தனித்தனிச் சீட்டு. சுற்றை வென்றவர் என்று தான் நினைப்பவருக்கு 10 புள்ளியும் மற்றவருக்குப் பெரும்பாலும் 9 புள்ளியும் போடுகிறார். மூன்று சுற்று முடிந்ததும் ஒவ்வொரு சீட்டையும் தனித்தனியே கூட்டினால், அந்த நடுவரின் கணக்கில் யார் வென்றார் என்பது தெரியும். அப்படி மூன்று சீட்டு யார் பக்கம் விழுகிறதோ அவரே வென்றவர். ஒரு சுற்றுக்கு ஐந்து பேரின் பெரும்பான்மை என்ன என்று விதியில் எந்த இடத்திலும் பார்ப்பதில்லை. திரையில் ஓடிய 4-1, 3-2 என்பவை நமக்கான தகவல் மட்டுமே. அவற்றை வைத்துத் தீர்ப்பு எழுதப்படுவதில்லை.

ஐந்து நடுவர், மூன்று சுற்று. மொத்தம் பதினைந்து தீர்ப்புகள். அவற்றில் வலென்சியாவுக்குக் கிடைத்தவை நான்கு, இரண்டு, இரண்டு: எட்டு. மேரிக்கு ஏழு. "இரண்டு சுற்றை வென்றவர்" என்று நாம் சொல்பவர், தனித்தனித் தீர்ப்புகளை எண்ணினால் ஒன்று பின்தங்கித்தான் இருந்தார். இந்த எட்டுக்கு ஏழு மட்டுமே முடிவைத் தீர்மானித்துவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதே பதினைந்து தீர்ப்புகள் ஐந்து சீட்டுகளுக்குள் வேறு மாதிரி விழுந்திருந்தால் மேரியே 3-2 என வென்றிருக்கலாம். அவ்வளவு நெருக்கமான போட்டி அது. நெருக்கமான போட்டியில் தோற்பது வலிக்கும். ஆனால் அதற்குப் பெயர் கொள்ளை அல்ல.

"சரி, விதி அப்படி இருக்கலாம், விதியே தப்பு" என்பார்கள் சிலர். சுற்றுக்குச் சுற்று பெரும்பான்மை பார்ப்பதுதான் நியாயமாம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. முதல் சுற்றில் நான்கு பேர் ஒரே பக்கம் நின்றார்கள், அதாவது ரிங்கைச் சுற்றி வெவ்வேறு இடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் கண்ணுக்கும் அந்தச் சுற்று ஓரளவு தெளிவாகவே வலென்சியாவுடையது. அடுத்த இரண்டு சுற்றுகளும் எந்தப் பக்கமும் சாயலாம் என்ற நிலையில் இருந்தவை. தெளிவான ஒரு சுற்றையும் இழுபறியான ஒரு சுற்றையும் ஒரே எடையில் வைப்பது வலென்சியாவுக்குச் செய்யும் அநியாயம். அது போக, மேரி தனக்கே உரியவை என்று நம்பிய இரண்டு சுற்றுகளில் ஒன்று, நான்கு நடுவர்கள் எதிராளிக்குக் கொடுத்த அந்த முதல் சுற்று. களத்தில் அடி வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருப்பவரின் உணர்வை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது புள்ளிக்குச் சாட்சி ஆகாது.

அடுத்தது, "நாங்களே கண்ணால பார்த்தோமே" என்ற வாதம். எதைப் பார்த்தோம்? மணி அடித்ததுமே வலென்சியா பாய்ந்து வந்து மேரியை நெட்டித் தள்ளினார். மேரி தனக்குப் பிடித்த வலது கை ஹூக்கைப் பலமுறை நன்றாகவே இறக்கினார். இரண்டும் உண்மை. நாம் மேரியின் குத்துகளை எண்ணினோம். வலென்சியாவின் குத்துகளை எண்ணியவர் நம்மில் எத்தனை பேர்?

நடுவர் எதை எண்ணுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். மூடிய க்ளவுஸின் விரல்முட்டிப் பகுதி பட வேண்டும். தலையின் முன்புறத்திலோ பக்கவாட்டிலோ, அல்லது இடுப்புப் பட்டைக்கு மேலே உடலிலோ இறங்க வேண்டும். குத்தில் எடை இருக்க வேண்டும். தடுக்கும் முன்கையில் பட்டால் கணக்கில்லை. உள்ளங்கைப் பக்கத்தால் அறைந்தால் கணக்கில்லை. தோளில் விழுந்த குத்தும், கட்டிப்பிடித்த நிலையில் முதுகுப் பக்கம் தட்டுவதும் சத்தம்தான் எழுப்பும். ரிங்கின் ஒரு பக்கமிருந்து பார்த்தால் முகத்தில் இறங்கியதாகத் தெரியும் ஹூக், எதிர்ப் பக்கம் உட்கார்ந்தவருக்கு க்ளவுஸில் மோதி நின்றதாகத் தெரியும். நடுவில் ரெஃப்ரியின் முதுகு வேறு வந்து மறைக்கும். இதற்காகத்தான் ஐந்து பேரை வெவ்வேறு இடத்தில் உட்கார வைக்கிறார்கள். தொலைக்காட்சியோ நமக்கு ஒரே நேரத்தில் ஒரு கோணத்தைத்தான் காட்டுகிறது. போதாததற்கு, நம் ஆளுக்காகத் துடிக்கும் வர்ணனை. அந்தப் போட்டியை ஒலியை அணைத்துவிட்டு, ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அங்கேயே நிறுத்திப் புள்ளி எழுதி ஒருமுறை பாருங்கள். முதல் சுற்றை மேரிக்கு எழுத உங்கள் கை தயங்கும் என்றே நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். நான்கு நாள் முன்பு மேரி டொமினிகன் குடியரசின் மிகெலினா ஹெர்னாண்டஸை 4-1 என வென்றார். அங்கேயும் ஒரு நடுவர் மேரி தோற்றதாகத்தான் எழுதினார். அந்த நடுவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை, நடுவருக்கு நடுவர் கண் மாறும் என்று விட்டுவிட்டோம். அதே பெருந்தன்மை 29-ஆம் தேதி எங்கே போனது?

இதுவரை சொன்னவற்றைவிட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது. ஒலிம்பிக் குத்துச்சண்டையை எதற்காக நம்ப வேண்டும்? கேட்க எல்லா உரிமையும் உண்டு. 1988 சோல் ஒலிம்பிக்ஸ் இறுதிப் போட்டியில் ராய் ஜோன்ஸ் 86 குத்துகளை இறக்கினார், தென்கொரியாவின் பார்க் சி-ஹன் 32. தங்கம் 3-2 எனப் பார்க்குக்குப் போனது. முப்பத்தைந்து ஆண்டு கழித்து 2023-இல் பார்க்கே அமெரிக்காவுக்குப் போய் அந்தப் பதக்கத்தை ஜோன்ஸிடம் கொடுத்தார். 2016 ரியோவில் அயர்லாந்தின் மைக்கேல் கான்லனை வென்றதாக அறிவிக்கப்பட்ட ரஷ்யாவின் நிகிதின், வாங்கிய அடியால் அரையிறுதிக்கே வர முடியவில்லை. நம் சரிதா தேவி 2014 இஞ்சியோன் ஆசியப் போட்டி அரையிறுதியில் தென்கொரிய வீராங்கனையிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டு, மேடையில் தன் வெண்கலத்தை அந்த வீராங்கனையின் கழுத்திலேயே போட்டுவிட்டு அழுதார். அதற்கு ஓராண்டுத் தடையும் வாங்கினார். அந்தத் தீர்ப்பு இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

அந்தப் போட்டிகளையும் மேரியின் போட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜோன்ஸுக்கும் பார்க்குக்கும் இடையே இருந்தது இரண்டரை மடங்குக்கும் மேலான வித்தியாசம். இங்கே ஒரு நடுவரின் சீட்டு. எல்லாவற்றையும் கொள்ளை என்று சொன்னால் சரிதாவுக்கு நடந்ததைச் சொல்ல நம்மிடம் வார்த்தை மிஞ்சாது. ஊழல் இருந்ததாலேயே டோக்கியோவில் ஏற்பாடுகளும் மாறியிருந்தன. அன்றைய சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கமான ஐபாவை ஒலிம்பிக் கமிட்டி 2019-இல் இடைநீக்கம் செய்து, தனிக் குழு ஒன்றிடம் போட்டியை ஒப்படைத்தது. ரியோவில் ஐந்து சீட்டுகளில் மூன்றைக் கணினி பொறுக்கி எடுத்தது. டோக்கியோவில் ஐந்தும் கணக்கில் வந்தன. இதனால் டோக்கியோ நடுவர்கள் தவறே செய்யமாட்டார்கள் என்று ஆகிவிடாது. குற்றம் சொல்பவர் அந்தப் போட்டியிலிருந்தே ஆதாரம் காட்ட வேண்டும், அவ்வளவுதான். இதுவரை யாரும் காட்டவில்லை.

ரிங்குக்குள் போகும் கடைசி நேரத்தில் சட்டையை மாற்றச் சொன்னார்களே? சொன்னார்கள், அது மேரியின் மனதைக் கலைத்திருக்கலாம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் சட்டைக்கும் ஐந்து சீட்டுக்கும் தொடர்பு இல்லை. முன்பு இரண்டு முறை வலென்சியாவை வென்றிருந்தாரே என்பதும் அப்படித்தான். பழைய வெற்றிக்குப் புதிய போட்டியில் புள்ளி கிடையாது.

உண்மையான குறை ஒன்று உண்டு, அதை மேரியே சொன்னார்: தீர்ப்பை மறுபரிசீலனை செய்யக் கேட்க டோக்கியோவில் வழியே இல்லை. 2019 உலகப் போட்டி அரையிறுதியில் துருக்கியின் சாகிரோலுவிடம் அவர் தோற்றபோது இந்தியா முறையீடு செய்ய முடிந்தது. அது நிராகரிக்கப்பட்டது, ஆனாலும் கேட்க ஒரு கதவு இருந்தது. அந்தக் கதவைத் திறக்கச் சொல்லி நாம் குரல் எழுப்பியிருந்தால் அடுத்து வந்த நம் வீராங்கனைகளுக்குப் பயன்பட்டிருக்கும். நாம் அந்தச் சக்தியை எல்லாம் இரண்டு பெரிதா ஒன்று பெரிதா என்ற கணக்கில் செலவழித்தோம்.

அந்தக் கணக்கில் வலென்சியாவின் பெயரே தொலைந்துபோனது. நம் செய்திகளில் அவர் "கொலம்பிய வீராங்கனை", அவ்வளவே. ரியோவில் வெண்கலம் வென்று, ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் கொலம்பியக் குத்துச்சண்டை வீராங்கனை ஆனவர் அவர். மேரியிடம் இரண்டு முறை தோற்ற பிறகு மூன்றாம் முறை முதல் மணியிலிருந்தே பாய்ந்தார். மேரிக்குப் போன அந்த இரண்டு சுற்றுகளிலும்கூட இரண்டிரண்டு நடுவர்கள் அவருக்குத்தான் பத்துப் புள்ளி எழுதினார்கள்.