காரணம் சொல்ல நமக்கு என்ன அவசரம்?

முதல்ல ஒரு தப்பை ஒத்துக்கிறேன்.

2025 ஜூன் 12. லீவுல முதுநகர் வீட்டில் இருந்தேன். சாயங்காலத்துக்குள் எல்லார் போனுக்கும் அந்த வீடியோ வந்துவிட்டது. அகமதாபாத்திலிருந்து லண்டன் கேட்விக் கிளம்பிய ஏர் இந்தியா 171, கட்டடங்களுக்கு மேலே மெதுவாக இறங்கி, மறைந்து, அப்புறம் ஒரு நெருப்புக் கோளம். பார்த்ததும் கை நடுங்கியது நிஜம். ஆனால் அரை மணி நேரத்தில் அந்த நடுக்கம் போய் வேறொன்று வந்து உட்கார்ந்துகொண்டது: "ஏன் விழுந்துச்சுன்னு நான் சொல்றேன்."

நான் மெக்கானிக்கல். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல நல்ல மார்க். போதாதா? வீடியோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, சிவப்பு அம்புக்குறி போட்டு, கிளாஸ் குரூப்பில் நாலு பத்தி டைப் பண்ணினேன். "இறக்கையில பிளாப் இறங்கவே இல்ல பாரு மச்சி. சக்கரமும் உள்ளே போகல. கியரை மடக்குறதுக்குப் பதிலா பைலட் பிளாப்பை மடக்கிட்டான். லிஃப்ட் போச்சு. அவ்வளவுதான் மேட்டர்."

மூணு நாள் கழிச்சு அதே மெசேஜ் எங்க குடும்பக் குரூப்புக்கு வந்தது. பண்ருட்டி சித்தப்பா அனுப்பியிருந்தார். மேலே ஒரு வரி புதுசாகச் சேர்ந்திருந்தது: "அனுபவமிக்க விமானப் பொறியாளரின் விளக்கம். அனைவருக்கும் பகிரவும்." அவசரத்தில் நான் 'இரக்கை' என்று தப்பாக அடித்திருந்தேன். அந்த எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. ஊரெல்லாம் சுற்றி வந்த அந்த 'அனுபவமிக்க பொறியாளர்' நான்தான்!

அப்போ சிரிப்பு வந்தது. சரியாக ஒரு மாசம் கழித்து, ஜூலை 12-ஆம் தேதி சிரிப்பு நின்றது.

அன்றைக்குத்தான் விமான விபத்துப் புலனாய்வுப் பணியகத்தின் முதற்கட்ட அறிக்கை வெளியானது. மொத்தம் 15 பக்கம். நம்மில் எத்தனை பேர் அதைப் படித்தோம்? நான் படித்தேன், என் தியரி எங்கே இருக்கிறது என்று தேடுவதற்காக.

பிளாப் கைப்பிடி டேக்-ஆஃபுக்கு வேண்டிய 5 டிகிரி நிலையில்தான் இருந்தது. என் தியரி காலி. 'பறவை மோதிச்சு' என்றவர்களுக்கு: ஓடுபாதைக்கு அருகே குறிப்பிடும்படியான பறவை நடமாட்டம் இல்லை. 'கலப்பட எரிபொருள்' என்றவர்களுக்கு: நிரப்பிய வண்டிகளிலிருந்து எடுத்த மாதிரிகள் சோதனையில் சரியாக இருந்தன. 'ஓவர்லோடு' என்றவர்களுக்கு: எடை அனுமதித்த வரம்புக்குள்தான். ஒரு மாசம் நாம் அடித்துப் பேசிய நாலு காரணமும் 15 பக்கத்தில் ஆட்டம் கண்டுவிட்டன. நான் அம்புக்குறி போட்ட வீடியோவே, ஒரு திரையில் ஓடியதை இன்னொரு போனில் பிடித்த மங்கலான பிரதி. பின்னால் வந்த தெளிவான வீடியோவில், எமர்ஜென்சியில் மட்டும் கீழே இறங்கிச் சுற்றும் ராம் ஏர் டர்பைன் தெரிந்தது. பிளாப் பற்றிப் பேசிய ஒரு பிரபல யூடியூப் விமானியே தன் கருத்தை மாற்றிக்கொண்டார். நான் போட்டது மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அறிக்கை சொன்னது வேறு. விமானம் தரையை விட்டு எழுந்த மூன்று நொடியில் வேகம் 180 நாட்டைத் தொட்டது. உடனே இரண்டு என்ஜினின் எரிபொருள் கட்-ஆஃப் சுவிட்சுகளும், ஒரு நொடி இடைவெளியில், 'ரன்' நிலையிலிருந்து 'கட்-ஆஃப்' நிலைக்கு மாறின. ஏன் கட்-ஆஃப் செய்தாய் என்று ஒரு விமானி கேட்கிறார். நான் செய்யவில்லை என்கிறார் மற்றவர். பத்து நொடி கழித்து ஒரு சுவிட்ச், மேலும் நாலு நொடியில் அடுத்தது, திரும்ப 'ரன்' நிலைக்கு வந்தன. என்ஜின்கள் உயிர்பிடிக்கத் தொடங்கின. ஆனால் உயரம் இல்லை, நேரம் இல்லை. எழுந்ததிலிருந்து 32 நொடியில் கருப்புப் பெட்டியின் பதிவு நின்றுவிட்டது. விமானத்தில் இருந்த 242 பேரில் 241 பேர் இறந்தார்கள். தரையில் 19 பேர். அந்த விமானம் விழுந்த இடம் பி.ஜே. மருத்துவக் கல்லூரி விடுதியின் மெஸ். மதியச் சாப்பாட்டு நேரம். நம்மை மாதிரிப் பசங்கதான் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள்.

சரி, உண்மை வந்துவிட்டது, இனி அமைதியாகிவிடுவோம் என்று நினைத்தால், அதற்கப்புறம்தான் ஆட்டமே ஆரம்பித்தது. கேட்டது யார், பதில் சொன்னது யார் என்று அறிக்கையில் இல்லை. முழு உரையாடலும் இல்லை. சுவிட்ச் எப்படி மாறியது என்றும் இல்லை. இருந்தும் அன்று ராத்திரிக்குள் ரீல்ஸில் தீர்ப்பு எழுதி முடித்தாகிவிட்டது. ஒரு கூட்டம் 'பைலட் தற்கொலை' என்றது. அவருக்கு மன அழுத்தமாம், வீட்டில் பிரச்சினையாம், கூடவே இருந்து பார்த்த மாதிரி பேசினார்கள். இன்னொரு கூட்டம் 'போயிங்கைக் காப்பாற்றும் சதி' என்றது.

இரண்டு கூட்டத்துக்கும் கையில் ஒரு ஆதாரம் இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்தச் சுவிட்சைச் சும்மா தட்டினால் மாறாது. தூக்கித்தான் நகர்த்த வேண்டும். எனவே தெரிந்தேதான் செய்தார் என்பது முதல் கூட்டம். அந்தப் பூட்டு அமைப்பு சில விமானங்களில் கழன்றிருக்கலாம், சோதியுங்கள் என்று அமெரிக்க விமானத்துறை 2018-லேயே ஒரு அறிவுரை வெளியிட்டது. கட்டாயம் இல்லை என்பதால் ஏர் இந்தியா அந்தச் சோதனையைச் செய்யவில்லை. இது இரண்டாவது கூட்டம். இரண்டு தகவலும் அதே அறிக்கை தொடர்பானவைதான். ஆனால் ஆதாரம் என்பது வேறு, முடிவு என்பது வேறு. லேப்ல ஒரே ஒரு ரீடிங் எடுத்துவிட்டு கிராஃப் போட்டால் சார் நோட்டைத் தூக்கி எறிவாரா மாட்டாரா?

'அட, நாம பேசுறதால என்ன ஆகப் போகுது? விசாரணை பாட்டுக்கு நடக்கும்' என்று கேட்கலாம். என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் இருக்கிறது.

2008 ஜனவரி 17. பெய்ஜிங்கிலிருந்து வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 777, லண்டன் ஹீத்ரூ ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே புல்தரையில் விழுந்தது. 152 பேரும் பிழைத்தார்கள். அந்த நேரம் பிரிட்டன் பிரதமரின் கார் பக்கத்தில் போனது. அதிலிருந்த ஜாமர் கருவிதான் என்ஜினை நிறுத்தியது என்று ஒரு கதை. கேப்டன் பயத்தில் உறைந்துபோய்விட்டார் என்று இன்னொரு கதை. விசாரணை முடிய இரண்டு வருஷம் ஆனது. சைபீரியக் குளிரில் பறந்தபோது எரிபொருளில் கலந்திருந்த துளித் தண்ணீர் குழாய்க்குள் பனியாகப் படிந்து, தரையிறங்கும் நேரத்தில் கழன்று வந்து, எரிபொருளும் ஆயிலும் சந்திக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயை அடைத்துவிட்டது. யாராவது இதை வாட்ஸ்அப்பில் யூகித்திருக்க முடியுமா? உறைந்தது கேப்டன் இல்லை, தண்ணீர். கடைசி நொடிகளில் அவர் பிளாப்பைக் கொஞ்சம் குறைத்ததால் விமானம் இன்னும் கொஞ்ச தூரம் தாண்டி விழுந்தது என்றும் விசாரணை சொன்னது. ஆனால் அதற்குள் வதந்தி அவர் பெயரைக் கெடுத்து, அவர் அந்த வேலையை விட்டே போய்விட்டார்.

அது ஒரு மனிதரின் பெயர். அடுத்தது 157 உயிர். 2018 அக்டோபரில் இந்தோனேசியாவின் லயன் ஏர் போயிங் 737 மேக்ஸ் கடலில் விழுந்து 189 பேர் இறந்தபோது, 'அந்த நாட்டு பைலட், அந்த நாட்டு மெயின்டனன்ஸ், அப்படித்தான் இருக்கும்' என்ற பேச்சு உலகம் முழுக்க இருந்தது. அந்தப் பதில் வசதியாக இருந்ததால் விமானம் தொடர்ந்து பறந்தது. 2019 மார்ச்சில் அதே மாடல் எத்தியோப்பியாவில் விழுந்தது. இரண்டிலும் ஒரே ஒரு சென்சார் தந்த தப்பான கணக்கை நம்பி, மூக்கைக் கீழே அழுத்திய எம்கேஸ் என்ற மென்பொருள் இருந்தது. 'பைலட் தப்பு' என்று சீக்கிரம் முடித்துக்கொண்டால், நிஜக் கோளாறு அடுத்த விமானத்தில் உட்கார்ந்து பறக்கிறது.

அதுக்காக எப்பவும் கம்பெனியைத் திட்டினால் சரியாகிவிடும் என்றும் இல்லை. 1990 பிப்ரவரி 14-ல் பெங்களூரில் இந்தியன் ஏர்லைன்ஸ் ஏ320 விழுந்து 92 பேர் இறந்தார்கள். அப்போ அது புத்தம் புது கம்ப்யூட்டர் விமானம். 'கம்ப்யூட்டர்தான் கொன்னுடுச்சு' என்ற பயத்தில் அந்த ரக விமானங்களையே தரையில் நிறுத்தினார்கள். விசாரணையில் வெளிவந்தது, தப்பான மோட் தேர்வானதும் வேகம் குறைவதை விமானிகள் நேரத்தில் கவனிக்காததும். ஆக, நமக்குப் பிடித்த வில்லன் யார் என்பதற்கும் உண்மைக்கும் சம்பந்தம் இல்லை.

இதெல்லாம் தூரத்துக் கதை என்றால், நம்ம ஊருக்கே வருவோம். அந்த முதற்கட்ட அறிக்கை வருவதற்கு நாலு நாள் முன்னால், ஜூலை 8 காலை, செம்மங்குப்பம் ரயில்வே கேட். பள்ளி வேன் மீது விழுப்புரம் - மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தார்கள். கடலூர்க்காரங்க யாரும் அந்த நாளை மறக்க மாட்டோம். வேன் டிரைவர் வற்புறுத்தியதால்தான் கேட்டைத் திறந்தார்கள் என்று ரயில்வே தரப்பிலிருந்து முதலில் செய்தி வந்தது. கேட் திறந்தேதான் இருந்தது என்று பிழைத்தவர்கள் சொன்னார்கள். மதியத்துக்குள், கேட் கீப்பர் வடநாட்டுக்காரர், பாஷை புரியாமல்தான் இப்படி ஆனது என்று பேச்சு திரும்பிவிட்டது.

எங்க தெருவுக்கு வருகிற வேன் அண்ணன், வேறொரு பள்ளிக்கு ஓட்டுறவர். மறுநாள் காலை ரெண்டு வீட்டில் பிள்ளைகளை ஏற்றவில்லை. ஒரு அக்கா முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்: "நீங்களும் கேட்ல இப்படித்தான் அவசரப்படுத்துவீங்களாண்ணே?" அவர் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் என்னிடம் சொன்னார்: "அந்த டிரைவர் அப்படிப் பண்ணாரான்னே இன்னும் தெரியல தம்பி. அதுக்குள்ள எனக்கும் சேர்த்துத் தண்டனை."

உண்மையான கேள்வி அங்கே வேறாக இருந்தது. அது இன்டர்லாக்கிங் இல்லாத கேட். அதாவது, கேட் மூடினால்தான் சிக்னல் விழும் என்ற ஏற்பாடு அப்போது இல்லை. ஸ்டேஷனும் கேட்டும் போனில் பேசிக்கொள்வதை நம்பி ரயில் வந்தது. அங்கே யார் நின்றாலும், எந்த பாஷை பேசினாலும், ஒரு மனிதரின் ஒரு தவறு மூன்று பிள்ளைகளைக் கொல்லக்கூடிய அமைப்பு அது. இன்ஜினியரிங் படிக்கிற நாம் கேட்டிருக்க வேண்டியது அதைத்தான். நாம் கேட்டோமா?

இன்னொரு பக்கமும் சொல்லணும். வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கேள்வி கேட்பதுதான் நம் படிப்பே. வதந்திக்குப் பாதிக் காரணம் அரசு தரப்பின் அரைகுறை மௌனம். 2025 ஜனவரியில் வாஷிங்டனில் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தபோது, அமெரிக்க விசாரணை அமைப்பு ஆரம்ப நாட்களில் தொடர்ந்து பத்திரிகையாளர்களைச் சந்தித்துப் பேசியது. இங்கே ஒரு மாசம் காத்திருந்து, விமானிகள் பேசியதை இரண்டே வரியில், யார் என்று சொல்லாமல் வெளியிட்டால் ஜனங்க சும்மா இருப்பாங்களா? அப்படிப் பகுதி பகுதியாகத் தகவல் வெளியானதை உச்ச நீதிமன்றமே செப்டம்பரில் கண்டித்தது. நவம்பரில், இறந்த கேப்டனின் வயதான அப்பா நீதிமன்றத்துக்கு வந்தபோது, உங்கள் மகனை யாரும் குற்றம் சொல்ல முடியாது, இந்தப் பாரத்தைச் சுமக்காதீர்கள் என்று நீதிபதிகள் சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தர் இதைக் கேட்பதற்காக உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. அந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றியது யார்? நாமும்தான்.

அதனால் எனக்கு நானே மூணு விதி போட்டிருக்கிறேன். ஒண்ணு, காரணம் தோன்றினால் 'இருக்கலாம்' என்று மட்டும் சொல்வது. கூடவே, எது தெரியவந்தால் என் யூகம் பொய்யாகும் என்றும் சொல்வது. ரெண்டு, கோளாறைப் பற்றிப் பேசலாம், ஆளைப் பற்றிப் பேசுவதில்லை. முதற்கட்ட அறிக்கையில் இல்லாத மனசையும் குடும்பத்தையும் நான் தோண்டுவதில்லை. மூணு, தப்பு என்று தெரிந்தால், எங்கே சொன்னேனோ அங்கேயே திருத்திச் சொல்வது.

மூணாவது விதியை உடனே செய்து பார்த்தேன். கிளாஸ் குரூப்பிலும் குடும்பக் குரூப்பிலும், "பிளாப் பத்தி நான் எழுதினது தப்பு, அதை எழுதினது விமானப் பொறியாளர் இல்ல, நான்தான்" என்று போட்டேன். சித்தப்பா ஒரு கட்டை விரல் காட்டினார். வேற யாரும் எதுவும் சொல்லவில்லை. அதை யாரும் பார்வர்டு பண்ணவும் இல்லை. என் தப்பு எத்தனை ஊருக்குப் போனதோ தெரியாது. திருத்தம் இரண்டு குரூப்பைத் தாண்டவில்லை.

அந்தப் பழைய மெசேஜை நான் இன்னும் அழிக்கவில்லை. அதில் என்னை அதிகம் உறுத்துவது பிளாப் இல்லை. 'மடக்கிட்டான்' என்று எழுதியிருக்கிறேன். என் அப்பா வயதில் ஒருத்தர், பல்லாயிரம் மணி நேரம் பறந்தவர், 32 நொடியில் தன் உயிரோடு போராடிச் செத்துப்போனவர். அவரை 'டான்' போட்டுப் பேச எனக்கு இருந்த தகுதி, ஒரு மங்கலான வீடியோவும் ஒரு சிவப்பு அம்புக்குறியும்தான்.

அடுத்த தடவை கை டைப் பண்ணப் போகும்போது, அந்த ஒரு எழுத்தையாவது யோசிங்க.