யந்திரத்தின் அருகே நிற்பவர் யார்?

வைத்தியசாலைக்குச் சுவாசக் கருவியொன்று வந்திறங்கினால் மாலையிட்டு வரவேற்கிறோம், படமும் பிடிக்கிறோம். அதன் அருகே இராமுழுதும் விழித்து நிற்கவேண்டிய தாதி எங்கே என்று கேட்பார் இல்லை. கேட்கவேண்டிய கேள்வி அதுவே என்பது நமது துணிபு.

வன்னியிலே வயற்காவலுக்குச் சென்று, நிலத்திலே பாய் விரித்து உறங்கும் கமக்காரரைக் கட்டுவிரியன் தீண்டுகிறது. கடிவாயில் வலியும் வீக்கமும் பெரிதாக இரா. சில மணி நேரத்தில் இமை தாழ்கிறது, நாக் குழறுகிறது, ஈற்றில் மூச்சுத் தசைகளும் சோர்கின்றன. நரம்பு நுனிகளை விஷம் சிதைத்தபின், விஷமுறிவு மருந்து அவற்றை உடனே சீராக்க மாட்டாது. அவை தாமாக மீளும்வரை, பல நாட்களுக்கு, கருவியே அவருக்காகச் சுவாசிக்கவேண்டும். அந்நாட்களைக் கடந்தால் அவர் மீண்டும் தம் வயலில் இறங்கலாம். கடத்துவிப்பவர் யார்? தாதியே.

தொண்டையிற் குழாய் இருப்பவரால் இருமிச் சளியைத் துப்ப முடியாது. தாதியே அதனைச் சில விநாடிகளுள் உறிஞ்சி எடுக்கவேண்டும். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை வரை உயர்த்தாவிடின் இரைப்பையில் உள்ளது நுரையீரலுட் புகக்கூடும். வாயைத் துப்புரவாக வைத்திராவிடின் அங்குள்ள கிருமி நியுமோனியாவாக மூளும். புரட்டிப் படுக்கவைக்காவிடின் முதுகு புண்ணாகும். முழுதும் மூடாத கண்ணைக் காயவிட்டால் பார்வை கெடும். கருவி நின்றுவிட்டாலோ, அக்கணமே கைப்பையை அழுத்தி மூச்சூட்டவேண்டும். இவற்றுள் எதனையும் யந்திரம் செய்யாது.

வரலாறும் இதற்குச் சான்று. 1952இல் டென்மார்க்கின் கொப்பன்ஹேகன் நகரில் இளம்பிள்ளைவாதம் பரவியபோது, மூச்சுத் தசைகள் செயலிழந்த முதல் 31 நோயாளரில் 27 பேர் மாண்டனர். தொண்டையிற் குழாய் பொருத்திக் கையினாற் காற்றூட்டும் வழியை டாக்டர் பியோர்ன் இப்சன் காட்டினார். ஏறக்குறைய 1,500 மாணவர் முறைவைத்து இரவு பகலாகப் பையை அழுத்தினர். சாவு வெகுவாகக் குறைந்தது. அதிதீவிர சிகிச்சை என்னும் துறை மனிதர் கைகளிலேதான் பிறந்தது.

இன்னுமொன்று. விரியன் தீண்டியவர் அசைவற்றுக் கிடப்பினும் அறிவிழந்தவர் என்று எண்ணற்க. காது கேட்கலாம், நோவும் தெரியலாம். "ஐயா, சளி எடுக்கப்போகிறேன், பயப்படவேண்டாம்" என்று அவர் மொழியிற் சொல்வதும் ஒரு மருந்தே. விரல் அசையத் தொடங்கும்போது, நோகிறதா, தாகமா என்று கேட்டறியவும் மொழி வேண்டும். தமிழும் அரசகரும மொழி என 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தில் எழுதிவைத்தார்கள். வாய் திறக்க இயலாத தமிழரின் கட்டிலருகே அவ்வெழுத்து உயிர்பெறாவிடின், அது ஏட்டுச் சுரைக்காயே. சிங்களத் தாதியரை நாம் குறைகூறவில்லை; அவர்களுட் பலர் அன்போடு தொண்டாற்றுவோர். மொழி தெரியாத இடத்துக்கு அவர்களை அனுப்பிவிட்டு, மொழியைக் கற்பிக்க மறந்தவர்களையே குறைகூறுகிறோம்.

ஆதலின் நாம் கேட்பது இது: சுவாசக் கருவியிலுள்ள ஒவ்வொரு நோயாளிக்கும், இரவாயினும் பகலாயினும், பயிற்சிபெற்ற ஒரு தாதி, அவருக்குத் தமிழ் தெரிந்திருத்தல். கருவி வாங்கப் பணம் அனுப்பும் கடல்கடந்த உறவுகளும், அதனை இயக்கும் கைகளுக்கு என்ன ஏற்பாடு என்று முதலிற் கேட்கட்டும். அரசாங்கம் விடை கூறட்டும்.

ஆளில்லாத யந்திரம் வெறும் இரும்பு. அதற்கு மாலை போட்டுப் பயனில்லை.