புரதத்தை வெட்டாமல் முழுசா பிரிக்க முடியுமா? விஞ்ஞானிகள் மெனக்கெடுவது ஏன்?

சர்க்கரை நோயாளிகளுக்கு 'ஹெச்பிஏ1சி' டெஸ்ட் புதுசு இல்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று சொல்லும் டெஸ்ட் அது. பல லேப்களில் இதற்குப் பயன்படுவது திரவ குரோமட்டோகிராபி. ஒரே புரதத்தின் வெவ்வேறு வடிவங்களை வெட்டாமலே பிரித்துக் காட்டிவிடும்.

ஒரு புரதத்துக்கு இது சரி. உடலில் உள்ள ஆயிரக்கணக்கான புரதங்களுக்கும் முடியுமா? புரதங்களை மொத்தமாக ஆராயும் 'புரோட்டியோமிக்ஸ்' துறையின் பெரிய சவால் இதுதான்.

வெட்டினால் என்ன பிரச்னை?

புரதங்களை 'டிரிப்சின்' நொதியால் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்ப்பதுதான் வழக்கம். துண்டுகளைக் கையாள்வது ஈஸி. ஆனா, எந்தத் துண்டு எந்த வடிவத்தில் இருந்து வந்தது என்பது தெரியாமல் போய்விடும். ஒரே மாதிரி பத்து புடவைகளைக் கத்தரித்துக் குவித்துவிட்டு, எந்த முந்தானை எந்தப் புடவையோடது என்று தேடுவது மாதிரி.

மனிதர்களிடம் புரதம் தயாரிக்கும் மரபணுக்கள் சுமார் 20,000. ஒவ்வொன்றில் இருந்தும் பல வடிவங்கள் உருவாகலாம். இந்த வடிவங்களுக்கு 2013-ல் வைக்கப்பட்ட பெயர் 'புரோட்டியோஃபார்ம்'.

முழுசா பிரிப்பது ஏன் கஷ்டம்?

குரோமட்டோகிராபி குழாய்க்குள் நுண்துளைகள் கொண்ட சிலிகா மணிகள் இருக்கும். புரதம் பெரிய மூலக்கூறு. துளைக்குள் போய் வெளியே வர நேரமாகும், மணியில் ஒட்டிக்கொள்ளும். கிராஃபில் தனித்தனி சிகரங்களாகத் தெரிய வேண்டியவை, அகலமாகி ஒன்றோடொன்று கலந்துவிடும்.

தீர்வு என்ன?

* சிறு மூலக்கூறுகளுக்கு 10 நானோமீட்டர் துளை போதும். புரதத்துக்கு 30 நானோமீட்டர் அல்லது அதற்கு மேல்.
* உள்ளே கெட்டியாக, வெளியே மட்டும் மெல்லிய துளை அடுக்கு உள்ள மணிகள். புரதம் ஆழமாகப் போய் மாட்டாது.
* மணியின் மேல் 18 கார்பன் சங்கிலிக்குப் பதில் 4 கார்பன் சங்கிலி. ஒட்டுவது குறையும்.
* குழாயைச் சூடாக்கினால் சிகரங்கள் கூர்மையாகும்.

இதிலும் ஒரு சிக்கல். கரைசலில் டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தால் பிரிப்பு நல்லா இருக்கும், ஆனா மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் சிக்னல் குறையும். ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் நேர் எதிர்.

நமக்கு என்ன லாபம்?

சிக்கிள் செல் நோயில் ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் மாறுவது ஒரே ஒரு அமினோ அமிலம். புரதம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட, எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே அங்கே நோயைக் காட்டுகிறது. மற்ற நோய்களிலும் இப்படிப்பட்ட அடையாளங்களைத் தேடத்தான் இந்த முயற்சி.

ரத்த பிளாஸ்மா புரதத்தில் பாதிக்கு மேல் அல்புமின்தான். அந்தக் கூட்டத்தில் நோயைக் காட்டும் சிறு அளவு புரதம் மறைந்துவிடும். எவ்வளவு காஸ்ட்லியான கருவி வாங்கினாலும், முதலில் சரியாகப் பிரித்தால்தான் அது கண்ணில் படும்.