துருப்பிடிச்ச வாளைத் தூக்கிப் போடாதீங்க!

டாலாவில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. வந்ததும் என் அக்கா மகன் செய்கிற முதல் வேலை, பழைய கம்ப்யூட்டரில் 'ஃபால்அவுட் 3' விளையாடுவதுதான். 2008இல் வந்த கேம். அவனுடைய மிஷினுக்கு அதுதான் தாங்கும்.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். செத்த எதிரியிடம் ஒரு தேய்ந்துபோன துப்பாக்கி கிடைத்தது. "குப்பை, தூக்கிப் போடுடா" என்றேன்.

"போடக் கூடாது மாமா. ஒரே மாதிரி ரெண்டு இருந்தா, ஒண்ணைக் கழட்டி இன்னொண்ணைச் சரி பண்ணிக்கலாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பகல் முழுக்கப் படகு எஞ்சினில் நான் செய்கிற வேலையே அதுதான்!

இப்போது வருகிற பல கேம்களில் இந்தத் தொல்லை இல்லை. 2011இல் வந்த 'ஸ்கைரிம்' ஆயுதத் தேய்மானத்தையே எடுத்துவிட்டது. அதற்கு முந்தைய 'ஒப்ளிவியன்' கேமில் பழுதுபார்க்கச் சுத்தியல் தேவைப்பட்டது. 2015இல் 'ஃபால்அவுட் 4' வந்தபோது அதிலும் துப்பாக்கி தேய்வதில்லை. 2022இல் வந்த 'எல்டன் ரிங்'கும் அப்படியே. எத்தனை பேரை வெட்டினாலும் வாள் புதுசு போல இருக்கும்.

விளையாடுகிறவர்கள் கேட்டதால்தானே எடுத்தார்கள் என்பீர்கள். நியாயம்தான். 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் த வைல்ட்' கேமில் நாலு அடி பலமாக அடித்தால் வாள் நொறுங்கிவிடுகிறது. பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய வழியே கிடையாது. யாருக்குத்தான் எரிச்சல் வராது? ஆனால் அந்த எரிச்சல் துரு மேல் அல்ல, பழுதுபார்க்க வழி இல்லாததன் மேல் என்பது என் கருத்து.

இரும்பு இருந்தால் துரு வரும். ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியபோது கிடைத்த இரும்பு ஆயுதங்கள் துருவேறித்தான் வெளியே வந்தன. கேமிலோ, ஆயிரம் வருஷக் கல்லறைப் பெட்டியைத் திறந்தால் பளபளவென்று வாள்!

துரு, தேய்மானம் எல்லாம் அவமானமா என்ன? புறநானூற்றில் ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை நமக்குத் தெரியும். எண்ணெய் பூசி, மயில்பீலி சூட்டி, காவல் வீட்டில் அழகாக இருந்தன தொண்டைமானின் ஆயுதங்கள். அதியமானின் ஆயுதங்களோ முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. போரில் புழங்கியது எது என்று ஔவையார் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அந்தக் கொல்லனைத்தான் புதிய கேம்கள் வேலையை விட்டு அனுப்பிவிட்டன.

டாலாவே பட்டறையால் வளர்ந்த ஊர். ஐராவதி ஃப்ளோட்டில்லா கம்பெனியின் கப்பல் பட்டறை இங்கேதான் இருந்தது. 1942இல் ஜப்பான் படை நெருங்கியபோது கம்பெனி தன் கப்பல்களைத் தானே மூழ்கடித்தது. போருக்குப் பிறகும் ஆறு ஓடியது, படகு தேவைப்பட்டது, பழுதுபார்க்க ஆளும் தேவைப்பட்டார்கள். இன்றும் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்து, சிவப்பு ஆக்சைடு பூசி, அதன்மேல் பெயிண்ட் அடிக்கிறோம். அடுத்த மழைக்காலம் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இந்த வேலைக்கு அக்கா மகனைக் கூப்பிட்டால் முகம் சுளிப்பான். "கையெல்லாம் கறை மாமா" என்பான். அதே பையன் ஒரு ஓட்டைத் துப்பாக்கியைச் சரிபண்ண அரை மணி நேரம் பொறுமையாகத் தேடுகிறான். பழுதுபார்ப்பதில் அவனுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதில் மரியாதை இருப்பதாக அவனுக்கு யாரும் காட்டவில்லை, நான் உள்பட.

கேம் செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: துருவை எடுக்காதீர்கள், கூடவே ஒரு கொல்லனையும் வையுங்கள். பெற்றவர்களுக்கு: பிள்ளை கேமில் எதைச் சரிபண்ணுகிறான் என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பழைய எஞ்சினைப் பிரிக்கப் போகிறேன். "அதே மாடல் இன்னொண்ணும் கிடக்குடா" என்று சொல்லி வைத்திருக்கிறேன். வருவான் என்று நினைக்கிறேன்.