இத்தாலித் திராட்சையும் நரிக்குடிக் குதிரைவாலியும்

இத்தாலி தேசத்தில் திராட்சை வகைகள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் டிமொராசோ என்பது ஒரு வெள்ளைத் திராட்சை. வடமேற்கே டார்டோனா என்ற ஊரைச் சுற்றியுள்ள குன்றுகளில் விளைவது. வளர்ப்பது சிரமம், மகசூலும் நிச்சயமில்லை என்று குடியானவர்கள் ஒவ்வொருவராக அதைக் கைவிட்டார்கள். 1980-களில் வால்டர் மாஸா என்ற தோட்டக்காரர் பிடிவாதமாக அதை மறுபடி பயிரிட்டு ஒயின் செய்தார். இன்று அந்தக் குன்றுகளில் பலரும் அதைப் பயிரிடுகிறார்கள். அதே வட்டாரத்துப் பாலாடைக்கட்டியோடு அந்த ஒயினைச் சேர்த்து ருசிக்கிறார்கள்.

"ஒயின் சமாசாரம் நமக்கெதற்கு?" என்று முகத்தைச் சுளிக்காதீர்கள், சகோதரிகளே! நான் சொல்ல வந்தது குதிரைவாலியைப் பற்றி.

திருச்சுழிக்குக் கிழக்கே நரிக்குடிப் பக்கம் சென்றிருந்தேன். வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால்தான் நெல். இல்லாவிட்டால் மானாவாரிப் பயிர்தான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்தால், மூன்று மாதத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து, தை மாதத்தை ஒட்டிக் குதிரைவாலியை அறுக்கலாம். 2018-ல் மதுரை வேளாண்மைக் கல்லூரியிலிருந்து 'எம்.டி.யு. 1' என்று ஒரு புதிய ரகமே வந்திருக்கிறது. பிறகு ஏன் இந்தத் தானியம் நம் அடுக்களையை விட்டுப் போயிற்று?

திண்ணையில் உட்கார்ந்து தானியம் புடைத்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் இதைக் கேட்டேன்.

"குத்துற கைக்குத்தான் தெரியும் தாயி! லேசுல தோலு போகாது. குத்திப் புடைச்சு, மறுபடி குத்தணும். ரேஷன் அரிசி வந்துச்சு, உலக்கைய மூலையில சாத்திட்டோம். வெளையுறத இப்ப வித்துப்புடுறோம்."

நான் என்ன பதில் சொல்வேன்? பெண்களின் தோள்வலியில்தான் அந்தச் சோறு அத்தனை காலம் பொங்கியிருக்கிறது. இப்போது தோல் நீக்க இயந்திரம் வந்துவிட்டது. உலக்கைக்கு வேலை இல்லை. ஆனால் சமைக்கும் பக்குவம் அறிந்தவர்கள்தான் குறைந்து வருகிறார்கள்.

விடைபெறும்போது பாட்டி ஒரு எச்சரிக்கை செய்தாள்: "சாம்பார ஊத்திக் கெடுத்துராதீக!"

நான் கேட்டேனா? வீட்டுக்கு வந்து, அரிசிக்கு வைப்பது போலவே தண்ணீர் வைத்துக் குக்கரில் குழைய விட்டு, சாம்பாரையும் ஊற்றினேன். கூழா, களியா என்று வீட்டில் விவாதமே நடந்தது! மறுநாள் பாட்டி சொன்னபடி செய்தேன். தட்டு காலியாயிற்று.

பக்குவம் இதுதான். ஒரு ஆழாக்குக் குதிரைவாலியை அரைமணி ஊறவைத்து வடித்துக்கொள்ளுங்கள். இரண்டரை ஆழாக்குத் தண்ணீர் கொதித்ததும் அதில் போட்டு, தணலைக் குறைத்து மூடுங்கள். கால்மணியில் வெந்துவிடும். இறக்கிப் பத்து நிமிஷம் திறக்காமல் வைத்து, கரண்டிக் காம்பால் மெல்லக் கிளறினால் உதிரி உதிரியாக வரும். ஆறினால் இறுகிவிடும், சூட்டோடு பரிமாறுங்கள்.

ஜோடி? தட்டைப்பயறும் கத்திரிக்காயும் போட்டு, முண்டு மிளகாய் கிள்ளி, நல்லெண்ணெய் மிதக்க வைத்த புளிக்குழம்பு. அசைவக்காரர்களுக்குக் கருவாட்டுக் குழம்பு. எல்லாம் அந்த வறண்ட சீமைச் சாமான்கள்தாம்! இதே கணக்கில் சாமைக்கு மிளகு ரசம், வரகுக்குக் கெட்டித் தயிர், தினைக்கு வெல்லமும் ஏலக்காயும் என்று வைத்துப் பாருங்கள். (தினையின் தாவரப் பெயரில் 'இத்தாலி' ஒட்டிக்கொண்டிருப்பது ஒரு வேடிக்கை. அதை முதலில் பயிராக்கியது என்னவோ சீனாக்காரர்கள்!)

ஒரு யோசனை. தோல் நீக்கிய தானியத்தில் எண்ணெய்ப்பசை உண்டு. நாளானால் சிக்கு வாடை அடிக்கும். ஆகையால் அரைக்கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள்.

2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை கொண்டாடியது. ஆண்டு போய்விட்டது, நரிக்குடிக் காட்டில் விதைப்பு தொடர வேண்டாமா? நாம் மாதம் இரண்டு நாள் உலையில் போட்டால், அந்தப் பாட்டியின் பேரனுக்கு அடுத்த புரட்டாசியில் விதைக்கத் தைரியம் வரும்.

சமைத்துப் பார்த்து எழுதுங்கள். சாம்பார் ஊற்றினவர்களும் எழுதலாம். நான் யாரிடமும் சொல்லமாட்டேன்!