பிள்ளை இல்லாக் குறைக்கும் வைத்தியச் செலவு வேண்டும்



கல்யாணமாகி நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லையென்றால் லயத்தில் என்ன பேச்சு? "அவ மலடி" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வளைகாப்புக்குக் கூப்பிடவும் யோசிக்கிறோம். புருஷனைச் சோதனைக்குப் போகச் சொல்வார் யாருமில்லை. குறை ஆணிடமும் இருக்கலாம், இருவரிடமும் இருக்கலாம். ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் அது நோய் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஆறு பேரில் ஒருவருக்கு இது வருவதாக 2023இல் அது கணக்குச் சொன்னது.

நோய் என்றால் வைத்தியச் செலவு யாருடையது? அரசாங்க ஆஸ்பத்திரியில் ஆரம்பச் சோதனைகளுக்கு அதிகம் ஆகாது. சோதனைக்குழாய் முறை வரை போனால், தனியாரிடம் ஒரு தடவைக்கே சாதாரணமாக 15,000 வெள்ளியைத் தொடும். 2025இல் வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் அது ஏறக்குறைய ஒன்பது மாத உழைப்பு, அதுவும் ஒரு காசு செலவழிக்காமல் இருந்தால்!

மருத்துவ இன்சூரன்ஸ் பெரும்பாலும் இந்த வைத்தியத்தை ஒதுக்கிவிடுகிறது. 2020 முதல் ஊழியர் சேமநிதியில் இதற்குப் பணம் எடுக்கலாம். அது யார் காசு? நம் கிழட்டுக் காலத்துக் கஞ்சிக் காசு! வருமான வரியிலும் கழிவு உண்டாம். வரி கட்டுகிற அளவு சம்பளம் வாங்கினால்தானே!

"இதற்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பார்கள். 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், டிபிசிபி என்ற பயிர் மருந்து தயாரித்த ஆலையில் ஆண்கள் பலருக்குப் பிள்ளை பெறும் சக்தியே போனது தெரியவந்தது. தங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லையே என்று முதலில் பேசிக்கொண்டவர்கள் தொழிலாளர்களே. அதே மருந்தால் கோஸ்டா ரிக்கா வாழைத் தோட்டங்களிலும் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். மருந்துத் தோம்பை முதுகில் சுமக்கிற நமக்கு இது தூரத்துக் கதையா?

60 நாளாக இருந்த பிரசவ விடுமுறை 2023இல் 98 நாளானது. பிள்ளை பெற்றவளுக்குச் சட்டம் இருக்கிறது. பெறத் தவிப்பவளுக்கும் ஏதாவது வேண்டாமா? அடுத்த கூட்டு ஒப்பந்தத்தில் மூன்றைக் கேட்போம்: புருஷன் பெண்சாதி இருவருக்கும் சோதனை, சிகிச்சைச் செலவில் நிர்வாகத்தின் பங்கு, ஆஸ்பத்திரி போகும் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு.

தங்காக் வட்டாரக் கிளைக் கூட்டங்களில் இதைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். கூச்சப்பட்டு வாய் மூடியிருந்தால், நமக்காக வேறு யார் வந்து பேசுவார்?

– தங்காக் தொழிற்சங்க ஊழியன்